ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ஏரிக் கணக்கைக் கேளுங்கள்: தாம்பரம் சொல்லும் பாடம்



தாம்பரம், பல்லாவரம், சிட்லப்பாக்கம், செம்பாக்கம் என்றதும் இன்று நமக்கு அடுக்குமாடி வீடுகளும் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலும்தான் நினைவுக்கு வரும். இரண்டு தலைமுறைக்கு முன்பு இவை எல்லாமே ஏரிப் பாசன ஊர்கள். மதகு திறந்து, நெல் நட்டு, கலங்கல் வழியே உபரிநீரை அடுத்த ஊர் ஏரிக்கு அனுப்பிய ஊர்கள். இன்று ஏரிகள் இருக்கின்றன, ஆயக்கட்டு இல்லை. அந்த ஏரிகளுக்காக இப்போது மக்கள் பிரதிநிதிகள் என்ன செய்கிறார்கள், செய்யாமல் விட்டது எது என்பதைத் தெரிந்துகொள்வது, இன்னும் ஆயக்கட்டு வைத்திருக்கும் உங்களுக்கு மிகவும் அவசியம். அங்கே முடிந்த கதை, மண்ணிவாக்கம், ஆதனூர், மணிமங்கலம், படப்பை பக்கம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நாளை உங்கள் ஊருக்கும் வரலாம்.

வெளிநாட்டில் பசுமைக் கட்சிகள்

ஐரோப்பாவில் சுற்றுச்சூழலையே முதன்மைக் கொள்கையாக வைத்த பசுமைக் கட்சிகள் உண்டு. ஜெர்மனியில் அவர்கள் 1983-லேயே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 2024 ஜூலைத் தேர்தலில் 4 பசுமைக் கட்சி உறுப்பினர்கள் வென்றார்கள். அதில் 2 தொகுதிகள் கிராமங்களும் பண்ணைகளும் நிறைந்தவை. அவற்றில் ஒன்றான வடக்கு ஹெர்ஃபோர்ட்ஷயரின் உறுப்பினர் எல்லி சௌன்ஸ், வை ஆற்றின் மாசைப் பற்றித் தொடர்ந்து பேசி வருகிறார். கோழிப் பண்ணை எருவிலிருந்து வரும் பாஸ்பரஸ் ஆற்றில் கலந்து பாசி பிடிப்பதுதான் அங்கே பிரச்சினை. நாமக்கல் பக்கத்து விவசாயிகளுக்கு இது புரியாத விஷயம் இல்லை.

அதே நேரம், பசுமை என்ற பெயர் இருந்தாலே விவசாயிக்கு நல்லது நடந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியில் பசுமைக் கட்சியும் சேர்ந்த கூட்டணி அரசு, விவசாய டீசலுக்கான வரிச் சலுகையை நிறுத்துவதாக 2023 இறுதியில் அறிவித்தது. 2024 ஜனவரியில் விவசாயிகள் டிராக்டர்களோடு பெர்லினை முற்றுகையிட்டார்கள். அப்போது வேளாண் அமைச்சராக இருந்தவரே பசுமைக் கட்சிக்காரர். அரசு ஓரளவு இறங்கி வந்து, சலுகையைப் படிப்படியாகக் குறைப்பதாக மாற்றிக்கொண்டது. எனவே கட்சியின் நிறத்தைப் பார்ப்பதைவிட, அவர் எடுத்த வேலையைப் பார்ப்பதே நமக்குச் சரி.

நம் ஊரில் பசுமை வேலை யார் கையில்?

தமிழ்நாட்டில் சுற்றுச்சூழலுக்கென்றே நிற்கும் கட்சி ஆட்சியிலோ மாநகராட்சி அதிகாரத்திலோ இல்லை. பா.ம.க. வேளாண்மைக்கு நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிடுவதும், அதோடு இணைந்த பசுமைத் தாயகம் 1995 முதல் இயங்குவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழக அரசும் 2021 ஆகஸ்ட் முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்கிறது. ஆனால் ஓர் ஏரியின் கரை உடைந்தால் நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் வேறு. அது எந்தக் கட்சியாக இருந்தாலும் உங்கள் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் ஆகியோரிடம்தான்.

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டன. 70 வார்டுகள். 2022 பிப்ரவரியில் முதல் தேர்தல் நடந்து வசந்தகுமாரி கமலக்கண்ணன் முதல் மேயரானார். இந்த ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். பாக்கம், காரணை என்று ஏறத்தாழ எல்லாமே பழைய பாசன ஊர்கள். இவற்றின் ஏரிகளைத் தூர்வாருவது, கரையை உயர்த்துவது, கழிவுநீரைத் திருப்பிவிடுவது, குப்பையை அகற்றுவது ஆகியவைதான் இந்த உறுப்பினர்களின் மேசையில் உள்ள பசுமை வேலைகள்.

ஏரிச் சங்கிலியும் நடைபாதையும்

தாம்பரத்தின் கிழக்குப் பக்கத்தில் சிட்லப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் போகும் சங்கிலி இருக்கிறது. கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம், கடல்.

இந்தச் சங்கிலியில் நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. சிட்லப்பாக்கம் ஏரியில் 2019-ல் ஊர் மக்களே நூற்றுக்கணக்கில் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அந்த அழுத்தத்தில் அதே ஆண்டு மாநில அரசு ஏரியைச் சீரமைக்கத் திட்டம் அறிவித்தது. செம்பாக்கம் ஏரியில் தொண்டு நிறுவனங்களும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து சீரமைப்பு வேலை செய்தன. பள்ளிக்கரணை 2022 ஏப்ரலில் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. அறிவிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். 2025 செப்டம்பரில், சதுப்பு நிலத்தைச் சுற்றி 1 கிலோ மீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு உத்தரவிட்டது. சதுப்பு நிலத்தின் தாக்கப் பகுதி எதுவரை என்று அளந்து முடிக்கும்வரை இந்தத் தடை என்பது உத்தரவு.

இப்போது விவசாயி கண்ணால் இதைப் பாருங்கள். ஏரிச் சீரமைப்பு என்றால் நகரத்தில் என்ன நடக்கிறது? கரையில் நடைபாதை, விளக்கு, உட்காரப் பெஞ்சு, வேலி. வாக்காளர் நடக்க வருகிறார், அவர் கேட்டது கிடைத்துவிட்டது. வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கிறதா, மதகு வேலை செய்கிறதா என்று கேட்பவர் அங்கே இல்லை. ஏனென்றால் மதகுத் தண்ணீரை நம்பி நெல் நட்டவர் யாரும் மிச்சமில்லை. சுற்றியுள்ள தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை முழுமையாக வராதவரை, கரை எவ்வளவு அழகாக இருந்தாலும் கழிவுநீர் ஏரியைத் தேடித்தான் வரும்.

இதுதான் தாம்பரம் நமக்குச் சொல்லும் முதல் பாடம். ஆயக்கட்டுதாரர் இருக்கும்வரைதான் ஏரி ஏரியாக இருக்கும். ஆயக்கட்டு மனைகளாகிவிட்டால், அந்த ஏரி ஒன்று பூங்காவாகும், அல்லது சாக்கடையாகும். உங்கள் ஊரில் ஆயக்கட்டில் பாதி விற்றுப்போயிருந்தாலும், மீதி இருப்பவர்கள் சேர்ந்து குரல் கொடுத்தால்தான் மதகுக்கும் வரத்துக் கால்வாய்க்கும் பணம் வரும்.

மேலூர் விவசாயியின் பலம்

தாம்பரத்தின் மேற்குப் பக்கம் கணக்கு வேறு. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்துதான் அடையாறு முடிச்சூர், வரதராஜபுரம், திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியே நகரத்துக்குள் போகிறது. 2015 டிசம்பர் 1-ல் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அதன் பிறகு அந்தப் பக்கம் ஆற்றை அகலப்படுத்துவது, மூடிய கால்வாய் கட்டுவது என்று பல வேலைகள் எடுக்கப்பட்டன.

இங்கே நீங்கள் மேலே இருக்கிறீர்கள், நகரம் கீழே இருக்கிறது. உங்கள் ஏரி முழுக் கொள்ளளவுக்குத் தூர்வாரப்பட்டு, கரை பலமாக இருந்தால், அந்தத் தண்ணீர் ஒரே இரவில் முடிச்சூருக்கு ஓடாது. உங்களுக்கு நவரைக்கும் சொர்ணவாரிக்கும் நீர் கிடைக்கும், நகரத்துக்கு வெள்ளம் குறையும். இதை நகர்ப்புறப் பிரதிநிதிகளிடமும் எடுத்துச் சொல்லுங்கள். வெள்ளத் தடுப்பு என்ற பெயரில் வரும் நிதியில் கிராமத்து ஏரியின் மராமத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். வெள்ளத்தைச் சீக்கிரம் வடிக்க வேண்டும் என்று கலங்கலின் உயரத்தைக் குறைத்தாலோ, கரையை ஒட்டி ஆழமாகக் கால்வாய் வெட்டினாலோ, ஏரி தை மாதத்துக்கு முன்பே காலியாகிவிடும். வேலை தொடங்கும் முன் பொறியாளரிடம் இதைக் கேளுங்கள்: கலங்கல் மட்டம் மாறுகிறதா? மாறினால் அதில் ஷட்டர் வைப்பீர்களா? மழைக் காலம் முடியும் தறுவாயில் ஷட்டரை இறக்கி நீரைத் தேக்க முடிந்தால், இரண்டு தரப்புக்கும் நல்லது.

குடிமராமத்துத் திட்டம் 2017 மார்ச்சில் மணிமங்கலத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஆயக்கட்டுதாரரே 10 சதவீதப் பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தந்து வேலையைச் செய்வது அதன் அடிப்படை. பங்கு கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்கும் துணிச்சல் வரும். எந்தத் திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

குப்பையும் கழிவுநீரும் கிராமத்துக்கு வரும்போது

நகரத்துப் பிரதிநிதி தன் வார்டைச் சுத்தமாக வைப்பார். அந்தக் குப்பை எங்கே போகிறது என்பது உங்கள் கேள்வி. மேற்குத் தாம்பரத்தில் கன்னடபாளையம் கிடங்கில் பல ஆண்டுகள் குப்பை சேர்ந்தது. பெருங்குடிக் கிடங்கு சதுப்பு நிலத்தின் மேலேயே வளர்ந்தது. இப்படிப்பட்ட கிடங்குகளில் பழைய குப்பையைச் சலித்துப் பிரிக்கும் வேலை நடக்கிறது. அப்போது கிடைக்கும் பொடி மண்ணை உரம் என்று யாராவது மலிவாகத் தந்தால் உடனே வாங்கிவிடாதீர்கள். பழைய குப்பை மண்ணில் கண்ணாடித் தூள், பிளாஸ்டிக், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் இருக்கலாம். உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவுகளுக்குள் இருப்பதாகப் பரிசோதனைச் சான்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். வீட்டிலேயே தரம் பிரித்த காய்கறிக் கழிவில் தயாரான புதிய கம்போஸ்ட் வேறு. அதைக் கேட்டு வாங்கலாம், அதற்கும் சான்று கேளுங்கள்.

கழிவுநீர் கலந்த ஏரியிலிருந்து பாய்ச்சுவோர் மூன்றைக் கடைப்பிடியுங்கள்.

முதலாவது, தண்ணீரைப் பரிசோதியுங்கள். மின் கடத்துதிறன் 2 டெசிசீமனைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். செங்கல்பட்டு மாவட்டத்தினர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை கேட்கலாம். மற்ற மாவட்டத்தினர் உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, யூரியாவைக் குறையுங்கள். கழிவுநீரிலேயே தழைச்சத்து இருப்பதால் வழக்கமான அளவைப் போட்டால் பயிர் கொழுத்துச் சாயும், புகையானும் குலைநோயும் தேடி வரும்.

மூன்றாவது, கீரை, வெள்ளரி, தக்காளி போன்று பச்சையாகச் சாப்பிடுவதை அந்த நீரில் வளர்க்காதீர்கள். வயலில் இறங்கும்போது காலுறை, கையுறை அணியுங்கள்.

இரவில் லாரி வந்து கால்வாயில் கழிவுநீர் ஊற்றினால், வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் லாரிகள் உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற்றுத்தான் ஓட வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும். எண்ணோடு எழுத்தில் தரும் புகாரைத் தள்ளிவிடுவது எந்தப் பிரதிநிதிக்கும் சுலபமில்லை.

சட்டமன்றத்தில் என்ன நடக்கிறது?

வார்டு உறுப்பினர் தெருவிளக்கைக் கவனிப்பார். நிலத்தின் தலையெழுத்து சட்டமன்றத்தில் எழுதப்படுகிறது. இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2020 பிப்ரவரியில் சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. அங்கே புதிய ஹைட்ரோகார்பன் கிணறுகளுக்கும் வேறு சில ஆலைகளுக்கும் தடை வந்தது. விவசாயிகள் பல ஆண்டுகள் போராடிக் கேட்டதால் கிடைத்தது அது. ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை.

2023 ஏப்ரலில் அதே சட்டமன்றம் நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டத்தை நிறைவேற்றியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களின் நிலத்துக்குள் ஏரி, ஓடை, கால்வாய் இருந்தாலும், அந்த அரசு நிலத்தைத் திட்டத்தோடு சேர்த்து ஒருங்கிணைக்க இது வழி செய்கிறது. நீர்நிலையின் கொள்ளளவு குறையக் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் ஓடையின் இடம் மாறினால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்பதே விவசாய அமைப்புகளின் அச்சம். அதனால்தான் அவை இந்தச் சட்டத்தை எதிர்க்கின்றன. உங்கள் தொகுதி உறுப்பினர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டதுண்டா?

சென்னைப் பெருநகரப் பகுதியும் 2022 அக்டோபரில் 1,189 சதுர கிலோ மீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோ மீட்டராக விரிவுபடுத்தப்பட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் பெரும் பகுதி இதற்குள் வருகிறது. உங்கள் சர்வே எண் வேளாண் பயன்பாட்டில் இருக்கிறதா, குடியிருப்பு என்று மாற்றப் போகிறார்களா என்பதை இனி நீங்களே கவனித்து, கருத்துக் கேட்கும் காலத்தில் எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும்.

கிராம சபைத் தீர்மானம் போட்டால் எல்லாம் நின்றுவிடும் என்றும் நம்ப வேண்டாம். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபைகளில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. ஆனாலும் அந்தத் தீர்மானங்களால்தான் ஊரின் எதிர்ப்பு எழுத்தில் பதிவானது. எழுத்தில் இல்லாத எதிர்ப்பு அலுவலகத்தில் கணக்கில் வராது.

நீங்கள் இந்த ஆண்டு செய்ய வேண்டியவை

1. ஏரி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி பொதுவாக நீர்வளத்துறையிடம் இருக்கும். அதற்குக் கீழ் இருந்தால் ஊராட்சி ஒன்றியம். தவறான கதவைத் தட்டினால் ஒரு வருடம் வீணாகும்.

2. ஆவணம் எடுங்கள். கிராம வரைபடம், ஏரியின் 'அ' பதிவேடு, வரத்துக் கால்வாயின் புலப்படம் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். ஏரியின் கொள்ளளவு, மதகு, கலங்கல் மட்டம் பற்றிய விவரம் துறையின் பதிவேட்டில் இருக்கும். தர மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

3. ஆக்கிரமிப்பு இருந்தால் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007 என்று பெயர் குறிப்பிட்டு மனு கொடுங்கள். முதலில் அளந்து எல்லைக்கல் நடச் சொல்லுங்கள். கல் நட்ட பிறகுதான் மற்றது.

4. கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் ஏரி பற்றிய தீர்மானத்துக்குப் பொருத்தமானது. கோடையில் வேலை தொடங்கவும் நேரம் இருக்கும். தீர்மானத்தின் நகலைக் கையோடு கேளுங்கள். உங்கள் ஊர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டால் கிராம சபை போய், பகுதி சபை வரும். அதன் முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1-ல் நடந்தபோது, முதலமைச்சர் கலந்துகொண்டதே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்தான். அங்கும் போய்ப் பேசுங்கள்.

5. வண்டல் மண் எடுங்கள். 2024-ல் விதி திருத்தப்பட்ட பிறகு வட்டாட்சியரே அனுமதி தரலாம். கட்டணம் இல்லை. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை. 75 கன மீட்டர் என்பது சுமார் 26 யூனிட். கழிவுநீர் சேரும் ஏரி என்றால் மண்ணைப் பரிசோதித்த பிறகே வயலில் போடுங்கள். கரையை ஒட்டித் தோண்ட விடாதீர்கள், கரை பலவீனமாகும்.

6. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் உங்கள் ஏரிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூட்டம் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆயக்கட்டுதாரர்கள் பத்துப் பேராவது சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள்.

வாக்குக் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்விகள்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளில் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. பதவிக்காலம் 5 ஆண்டு. தாம்பரம் மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில். அடுத்த முறை யார் வந்து கும்பிட்டாலும், எந்தக் கொடியோடு வந்தாலும், இதைக் கேளுங்கள்.

நம் ஏரியின் ஆயக்கட்டு எவ்வளவு, இன்று எவ்வளவு பாசனம் ஆகிறது என்று தெரியுமா?

ஏரி வேலைக்கு வரும் பணத்தில் மதகுக்கும் வரத்துக் கால்வாய்க்கும் எவ்வளவு, நடைபாதைக்கு எவ்வளவு?

நகரத்துக் குப்பையும் கழிவுநீரும் நம் ஊருக்கு வந்தால் யார் பக்கம் நிற்பீர்கள்?

பதில் தெரியாதவரை விரட்ட வேண்டாம். தெரிந்துகொண்டு மறுபடி வரச் சொல்லுங்கள். தாம்பரத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்க இன்று ஆயக்கட்டுதாரர் இல்லை. உங்கள் ஊரில் நீங்கள் இருக்கிறீர்கள்.